நாய் துரத்திய மாப்பிள்ளை

மதிவாணனை முதன்முதலில் பார்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் நாங்கள் இருவரும் ஒரு நாய்க்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தோம்.

பெர்மாஸ் ஜெயாவில் மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கியவர், "நீங்கதானே லோஷினி?" என்றார். நான் தலையாட்டுவதற்குள் குப்பைத்தொட்டிப் பக்கமிருந்து அந்தக் கறுப்பு நாய் பாய்ந்து வந்தது. யார் கையை யார் முதலில் பிடித்தோம் என்று தெரியாது.

கடைக்குள் வந்து நாற்காலியில் விழுந்தபோது நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குள் குப்பென்று ஏதோ ஏறியது. உடனே எனக்குக் கோபமும் வந்துவிட்டது.

காரணம், நான் உளவியல் மாணவி. போன வாரம்தான் இதைப் படித்தேன். பயந்தால் பரிவு நரம்புகள் முறுக்கிக்கொள்ளும், அட்ரினலின் ஊறும், இதயம் அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும். மூளைக்கோ எதற்கும் ஒரு காரணம் வேண்டும். எதிரே லட்சணமாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் பழியை அவர் மேல் போட்டு, இதுதான் காதல் என்று முடிவு கட்டிவிடும்.

ஜாதகம் பொருந்திவிட்டது, போய்ப் பேசிப் பார்த்து மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நாய்க்குச் சேர வேண்டிய படபடப்பை நம்பி ஒருவரைக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் யார் அனுபவிப்பது?

"இப்ப எதுவும் பேசாதீங்க," என்றேன். "முதல்ல என் நெஞ்சு அடங்கட்டும். இல்லாட்டி உங்களப் புடிச்சிருக்கா, நாய்க்குப் பயந்துட்டேனான்னு எனக்கே தெரியாது."

வேறு யாராவது என்றால் எழுந்து போயிருப்பார்கள். அவர், "சரி லா, மெதுவா அடங்கட்டும்," என்று ஆளுக்கொரு ரொட்டி சானாய் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

அவருக்குத் தம்போயில் கார் பட்டறை. கொஞ்ச நேரம் கழித்து, பட்டறைக்கு வந்த ஒரு காரின் எஞ்சினுக்குள் பூனை குட்டி போட்டிருந்த கதையைச் சொன்னார். குட்டிகள் கண் திறக்கும் வரை கார்க்காரர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நெஞ்சும் அடங்கியது. சுத்தமாக அடங்கிவிட்டது. ஒரு துள்ளல் இல்லை, ஒரு படபடப்பு இல்லை. போச்சு, எல்லாம் நாய் செய்த வேலைதான் என்று நினைத்தபோது அழுகையே வந்தது. அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"அடங்கிருச்சு," என்றேன். "ஒன்னுமே இல்ல. சாரி."

அவர் முகம் தொங்கிப்போனது. "ஒன்னுமே இல்லையா? அப்ப என் ரொட்டிய ஏன் சாப்ட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். என் தட்டு காலி. அவர் தட்டும் காலி. என் விரலெல்லாம் பருப்புக் குழம்பு.

"அலமாக்!" என்று பதறினேன்.

இதற்கு முன் என்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூட எனக்கு இறங்கியதில்லை. பயந்த உடம்பு வயிற்றைப் பூட்டிவிடும். இங்கே ஆபத்தில்லை என்று எதிர்ப்பரிவு நரம்புகள் சொன்னால்தான் எச்சில் ஊறும், பசிக்கும். பாடத்தில் அடுத்த பக்கமே அதுதான். நான் படபடப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என் உடம்பு சொந்த வீட்டில் இருப்பதுபோல் அவர் எதிரே உட்கார்ந்து, கூச்சநாச்சமில்லாமல் இரண்டு தட்டைக் காலி செய்திருக்கிறது.

"நீங்க ஏன் சாப்பிடல?" என்றேன்.

"எங்க இறங்குது? நீங்க என்னா சொல்லப் போறீங்கன்னு கைகாலெல்லாம் உதறுது. அந்த நாயே பரவால்ல."

உண்மைதான், மேசைக்கடியில் அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொங்கியது. அந்த மனிதர் மேல் பிரியமும் பொங்கியது.

"எனக்குச் சம்மதம்!" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என்னையே பார்த்தார். முழங்கால் நின்றது. பெரிய மூச்சொன்றை விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, மூனு ரொட்டி! சீக்கிரம் போடுங்க, பசி தாங்கல!"