மூக்கில் ஒன்று, உள்ளே ஒன்று

ஆறு மணிக்கு எழுகிறேன். விறகடுப்பில் இருக்கும் சாம்பலை வாரி வாளியில் போடுகிறேன். கட்டை வைக்கிறேன். காபி போடுகிறேன். நின்றுகொண்டே ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு தின்கிறேன். மாமியார் லோயிஸ் கொடுத்தனுப்பும் ரொட்டி. காபி மெஷினை அணைக்கிறேன். கார் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் சுரண்டுகிறேன். மே மாதம்தான், ஆனாலும் மிச்சிகனின் இந்த வடகோடியில் சில காலைகளில் படிகிறது.

அன்றும் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் மைத்துனன் கர்ட் வந்து நின்றான்.

என் மனைவி மார்யா மார்ச்சில் இறந்தாள். வேலைக்குப் போகும் வழியில், மரம் ஏற்றிய லாரி ஒன்று உறைந்த சாலையில் சறுக்கி அவள் கார்மேல் வந்துவிட்டது. எங்கள் பக்கம் மார்ச்சில் இறப்பவர்களை உடனே புதைக்க முடியாது. மண் கல்லாக இருக்கும். பாட்டு, பிரசங்கம், கூடத்தில் ஹாம் சாண்ட்விச் எல்லாம் அப்போதே முடிந்துவிடும். பெட்டி மட்டும் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் காத்திருக்கும். மண் இளகியதும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டார்கள். வரும் சனிக்கிழமை அடக்கம்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன கேம்பர் வண்டியை அவள்தான் பனிக்காலத்துக்கு முன் வாங்கினாள். இரண்டு பேர் படுக்கலாம். அதை இழுக்க என் காரில் இன்னும் கொக்கி பூட்டவில்லை. கோடை வந்ததும் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஏரி முனைக்குப் போவதாக இருந்தோம். அங்கே நல்ல சைக்கிள் பாதை இருக்கிறது. அவள் வீட்டாரின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அதனால் கேம்பரில் போவது என்று முடிவு செய்தேன். அவளுடைய சைக்கிளையும் கொண்டுபோவது என்றும்.

"அடக்கத்துக்கு எதுக்குடா சைக்கிள்?" என்றான் கர்ட்.

"தெரியல."

"சரி, பந்தாவது வாங்காதே. என் படகை இழுக்கிற பந்து இருக்கு. கொண்டுவந்திருக்கேன்."

இங்கே அப்படித்தான். காருக்குப் பின்னால் கொக்கியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரே இரும்புப் பந்தில் படகு, பனிவண்டி, பக்கத்து வீட்டு விறகு வண்டி எல்லாவற்றையும் மாட்டி இழுப்பார்கள். யாரும் அளப்பதில்லை. கண்ணாடியைச் சுரண்டி முடித்தேன். அவனும் காரில் ஏறிக்கொண்டான்.

கொக்கி பூட்டும் கடையில் பெவ் இருந்தாள். மார்யாவைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரிந்தவள்.

"எத்தனை சைக்கிள்?"

"ஒண்ணு," என்று முந்திக்கொண்டான் கர்ட்.

"ரெண்டு," என்றேன்.

பெவ் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை எடுத்தாள். "கார் எவ்வளவு அழுத்தம் தாங்கும்?"

"இருநூறு பவுண்டு. கேம்பரோட மூக்கு இப்பவே பந்து மேல நூத்தம்பது அழுத்துது."

"அப்ப மூக்கு மேல ஒரு சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடலாம். ரெண்டாவது ஏறினா தாண்டிடும்."

"இருக்கிறதிலயே பெரிய கொக்கியா மாட்டிடு," என்றான் கர்ட்.

"பெரிய பூட்ஸ் போட்டா நீ வளர்ந்துடுவியா? காரு அதே காருதானே."

"அப்ப கேம்பருக்குப் பின்னால கட்டுறோம்."

"பின்னால கனம் ஏறினா மூக்கு லேசாயிடும். வேகம் எடுத்ததும் வால் ஆட ஆரம்பிக்கும். போன வருஷம் ஒருத்தன்..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் என் முன்னால் சாலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பாதியில் நிறுத்துகிறார்கள்.

"கார் கூரையில கம்பியும் இல்லை," என்றேன்.

"விட்டுட்டுப் போடா. வீட்டிலயே இருக்கட்டும்," என்றான் கர்ட். குரலைத் தாழ்த்தியிருந்தான்.

"ரெண்டும் வரணும்."

பெவ் பேனாவை மூடினாள். "இன்னொண்ணை உள்ளே வைக்கலாம். சக்கரத்துக்கு நேர் மேல வச்சுக் கட்டினா மூக்குல கனம் ஏறாது. ஆனா ஒரு படுக்கையை மடிக்கணும்பா. ஒருத்தர்தான் படுக்கலாம்."

"ஒருத்தர்தான்."

அவள் சாமான் எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கர்ட் கையோடு கொண்டுவந்த துணிப்பொட்டலத்தைப் பிரித்துத் தன் பந்தை மேசைமேல் வைத்தான். துரு தேய்த்து, எண்ணெய் போட்டிருந்தான். பளபளவென்று இருந்தது.

"வேணாம்," என்றேன். "புதுசு கொடுங்க பெவ். ரெண்டு அங்குலம்."

கர்ட் அதைத் திரும்பச் சுற்றினான். வெளியே வந்து கார் அருகே நின்றான்.

"என் தங்கச்சியைப் புதைக்கப் போறோம். பெட்டி நீ வாங்கினே. கல்லு அம்மா வாங்கினாங்க. ஒரு இரும்புத் துண்டுகூட நான் தரக்கூடாதா? ராஸ்கல், உட்கார்ந்து தேய்ச்சேண்டா அதை."

"அளவு சின்னது, கர்ட்."

"உன் கொட்டகையில கேம்பர்ல மாட்டிப் பாத்தேன். பூட்டு விழுந்துச்சு."

"விழும். ஒரு குழியில இறங்கி ஏறினா கழண்டுடும்."

"யார் சொன்னது? பெவ்வா?"

"மார்யா. கடைசியா அதைத்தான் சொன்னா."

அவன் என்னையே பார்த்தான். மார்யாவின் கடைசிச் சொல் என்று லோயிஸ் போதகரிடம் வேறொன்று சொல்லியிருந்தார். 'எல்லோரையும் நேசிக்கிறேன்' என்பது போல. போதகர் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். பலர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

"அம்மா சொன்னது?"

"அம்மா அங்கே இல்லையே."

ஒரு காலில் பூட்ஸோடு, கையில் சாவியோடு கதவருகே நின்று அவள் சொன்னதை அவனிடம் அப்படியே சொன்னேன். கர்ட் வெடித்துச் சிரித்தான். கடைக்குள்ளிருந்து பெவ் எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் பின் பம்பரில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"கர்ட் அந்தப் படகுப் பந்தைத் தூக்கிட்டு வருவான் பாரு. வாங்கிடாதே, அது சின்னது, அவன் மூளை மாதிரி. ரெண்டு சைக்கிளுக்கும் சேத்துப் பாத்து ஒழுங்கா ஒண்ணு வாங்கு. காபி மெஷினை அணைச்சிடு."