47/3ஆம் வீட்டு மருந்து

கண்டி குட்ஸ்ஷெட் பஸ் நிலையத்தில் முதல் பஸ் உறுமியபோது ஷிரோமியின் கண்களில் மணல் உருண்டது. இரவெல்லாம் கணினித் திரையை உழுதவள். விரல் நுனிகள் மரத்திருந்தன. பக்கத்தில் பிளேன்டீ ஆறிக் கசந்து கிடந்தது. கீழே மருந்துக் களஞ்சியத்தில் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் ரைடர்கள் ஐஸ்பெட்டிகளை வண்டிகளில் இழுத்துக் கட்டும் சத்தம்.

தான் எழுதிய நிரலில் பிழை அகப்பட்டது. அவளுடைய பிழைதான்.

மருந்து கேட்டு வரும் ஒவ்வோர் இணைய முகவரியையும் சாய்கோடு விழுந்த இடமெல்லாம் வெட்டித் துண்டுகளின் வரிசையாக வைக்க வேண்டும்: ஊர், வீதி, வீட்டு இலக்கம். அந்த வரிசைதான் ரைடருக்கு வழி. வீட்டு இலக்கத்துக்குள்ளேயே சாய்கோடு இருந்தால் அது வேறு குறியாக மாறி வரும். வெட்டி முடித்த பிறகே அந்தக் குறியைத் திரும்பச் சாய்கோடாக அவிழ்க்க வேண்டும். ஷிரோமி அவிழ்த்துவிட்டு வெட்டியிருந்தாள். 47/3 இரண்டாக உடைந்து, மூன்று கேட்பாரற்று விழுந்தது. காணியைக் கூறுபோட்டுக் கூறுபோட்டு வீடு கட்டிய கண்டி மலையில் சாய்கோடில்லாத வீடு எத்தனை? சோதிக்க அவகாசம் கேட்டாள்தான். "திறப்புவிழாவுக்குக் குத்துவிளக்கு வாடகைக்கு எடுத்தாச்சே" என்றார் முதலாளி.

முந்தாநாள் ரைடர் நஸீப் இன்சுலினோடு தெருவோர 47ஐத் தட்டினான். பூட்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தான். படிக்கட்டின் உச்சியில், 47/3இல், மருந்து கேட்டிருந்த டொரதி டீச்சர் எடுக்கும் நிலையில் இல்லை. நேற்று அடக்கம்.

விடிந்ததும் முதலாளி கிருஷ்ணராஜ் சந்தனப் பொட்டோடு வந்தார். அவருடைய அட்டையில் 'தலைமைக் கனவு அதிகாரி' என்றிருக்கும். சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்றிருக்கும். ரைடர்கள் மட்டும் அந்தக் குடும்பத்தின் கழிப்பறைக்கு வரக்கூடாது.

"நஸீப வேலையிலருந்து நிப்பாட்டியாச்சு. அலட்சியம்."

"சேர், பிழை என்னோட கோட்ல."

"மெதுவாப் பேசும்மா. கோட்ல பிழைன்னா கம்பெனிக்கே கெட்ட பேரு. ரைடர்ல பிழைன்னா அவனோட போச்சு."

"செத்துப்போனது டீச்சர், சேர்."

"மலர்வளையம் அனுப்பினோமே. பெருசு."

காலை வேலைக்கு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த சஞ்சீவனி மடிக்கணினியை மூடினாள். அடுத்த மேசையிலும் ஒன்று மூடியது. பிறகு எல்லாம். ஷிரோமி முன்னே இறங்க, அவர்கள் பின்னே இறங்கினார்கள்.

கீழே நஸீப் தன் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"போன் காட்டின ஊட்டுக்குத்தான் நான் போன, தங்கச்சி. கொஞ்சம் மேலுக்கு ஏறிப் பாத்திருந்தா..."

"பிழையான வழி காட்டினது நான்தான், நஸீப் நானா. இப்பத் திருத்திட்டேன். ஆனா உங்களத் திரும்ப வேலைக்கு எடுக்காம இங்க ஒரு ஓர்டரும் போகாது."

"அவசர மருந்து?" என்று கேட்டான் நஸீப்.

"அது போகும்" என்றான் ரைடர் சாந்தகுமார். "ஷாம்பு, பவுடரெல்லாம் நிக்கட்டும். யாரும் செத்துற மாட்டாங்க."

தெல்தெனியவிலிருந்து ஓர் இன்சுலின் ஓர்டர் வந்தது. ஷிரோமி வீட்டு இலக்கத்தை முழுதாக, உரக்க வாசித்தாள். வேலையிழந்த நஸீப், சாந்தகுமாரின் வண்டியில் பெட்டியை வைத்துக் கயிற்றை இறுக்கி முடிச்சிட்டான்.

"யார்கிட்டக் கேட்டு இறங்கினீங்க?" மேல்மாடி ஜன்னலிலிருந்து முதலாளி கத்தினார்.

யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வண்டி கிளம்பியது. நஸீப் மருந்துப் பெட்டியொன்றின் மேல் ஒதுங்கி உட்கார்ந்து இடம்விட்டான். ஷிரோமி அவனருகில் உட்கார்ந்தாள்.