இருபத்தாறு நிறங்கள்

பகல் பதினொன்று நாற்பது. அச்சக ஆள் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அக்கா வடக்கு ஜன்னலோரம் நின்று நிற அகராதியின் கடைசி மெய்ப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு நிறங்கள். சாயமிட்ட துணித்துண்டுகளை அட்டையில் ஒட்டி, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதியவள் அவள். ஒன்பது வருடம். பதிப்பாசிரியர், எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய தம்பி. ஆலோசகர் ஒரு கல்லூரிப் பேராசிரியர்.

‘நாவல் நிறம்: செம்பழுப்பை ஒட்டியது.’

அந்த வரியில் விரலை வைத்தாள்.

“இதை யாரு மாத்தினது?”

“பேராசிரியர். அட்டையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபார்த்தார்.”

“எப்போ?”

“காலேஜ் முடிஞ்சு, ராத்திரிதான்.”

“மஞ்சள் பல்ப்ல பார்த்திருக்கார். அதுல நாவல் பழுப்பாத்தான் தெரியும். வெளிர்மஞ்சளை வெள்ளைன்னு எழுதியிருக்கார் பாரு. நல்லவேளை, கரண்ட் போகல. போயிருந்தா எல்லாமே கறுப்புதான்.”

தம்பி சிரிக்கவில்லை. “எத்தனை இடம்?”

அவள் தாள்களைப் புரட்டி எண்ணினாள். “இருபத்தாறு.”

“திருத்திடு. உனக்குத் தலைகீழ்ப் பாடமாச்சே.”

அவள் பென்சிலை எடுத்தாள். பழைய பொருள்களை ஒவ்வொன்றாக ஓரத்தில் எழுதினாள். பதிமூன்றாவதை முடித்தபோது கட்டின் முதல் தாள் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். நன்றிப் பக்கம். பேராசிரியருக்குப் பட்டங்களோடு நான்கு வரி. அடியில், ‘அட்டைகளை ஒட்டி உதவிய குடும்பத்தினருக்கும்.’

“பசை தடவினது நான்தான்” என்றாள். “பொருள் எழுதினது யாருடா?”

“அக்கா, சொந்த அக்கா பேரைப் போட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க? அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்.”

“முன்னாடி நம்ம சின்ன அகராதி வந்தப்பவும் இதையேதான் சொன்னே.”

கதவு தட்டப்பட்டது. அச்சக ஆள் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, உறையை விரித்துப் பிடித்தார். மதியம் அச்சுத் தகடு எடுத்துவிட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

தம்பி கை நீட்டினான். “முடிச்சிட்டியா? கொடு.”

தப்பான வரிகள் அவள் கண்ணை உறுத்தின. விரல் தானாகவே அடுத்த வரிக்குப் போயிற்று. பென்சிலைக் கீழே வைத்து, தாள்களின் மேல் உள்ளங்கையை ஊன்றினாள்.

“பாதி முடிஞ்சுது. மீதிப் பதிமூணும் அவர் எழுதினபடியே போகட்டுமா, இல்ல நன்றிப் பக்கத்தை நீ திருத்துறியா?”