அரை டிக்கல் கூடுதல்

தன்லியின்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஜஸீலாவுக்கு, அமலி எழுதுவது.

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. உன் வாப்பா உதுமான் மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கும் என் வீட்டுக்காரர் ஆண்ட்ரூவுக்கும் மிகுந்த சந்தோஷம். ஆனால் அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்ததைத்தான் மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். கண் தெளிந்த பிறகும் ரங்கூன் திரும்ப மாட்டேன் என்கிறார், இனி தராசைத் தொடவே மாட்டேன் என்கிறார், கேட்டால் "அமலிக்கு ரெண்டு தரம் கெடுதல் பண்ணிட்டேன், ஒம்பது சென்டிமீட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாய். நீ கல்யாணமாகி மோல்மேன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. உனக்கு ஒன்றும் புரியாதது நியாயம்தான். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டு. பாதியில் எழுந்து போனால் கையைப் பிடித்து உட்கார வை.

நான் எறிவது சங்கிலிக்குண்டு. பெயரில்தான் சங்கிலி. ஓர் இரும்புக் குண்டு, அதில் மாட்டிய நீளக் கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி, அவ்வளவுதான். பெண்களுக்கு மூன்றும் சேர்ந்து நான்கு கிலோவுக்குக் குறையக்கூடாது. ஏழடி அகல வட்டத்துக்குள் நின்று, நான்கு சுற்றுச் சுற்றி விட வேண்டும். சங்கத்துக் குண்டுகள் நகரத்து மைதானத்தில் பூட்டிக் கிடக்கும். தன்லியினில் நான் பழகுவதற்குச் சொந்தக் குண்டு தேவைப்பட்டது. அதற்காகத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்பு ரங்கூன் லான்மடாவில் உங்கள் இரும்புக் கடைக்கு வந்தேன்.

"நாலு கிலோவா? கிலோ கணக்கு எங்கிட்ட வேணாம் புள்ள. வீசையில சொல்லு" என்றார் உதுமான் மாமா.

காகிதம் வாங்கிக் கணக்குப் போட்டேன். நூறு டிக்கல் ஒரு வீசை. நான்கு கிலோ என்றால் இரண்டு வீசை நாற்பத்தைந்து டிக்கல்.

"இத வச்சு என்ன பண்ணப் போறே?"

"சுத்தி எறிவேன் மாமா."

"யாரு மேல?"

"யாரு மேலயும் இல்ல. சும்மா தூரமா."

"எறிஞ்சுட்டு?"

"போய் எடுத்துட்டு வருவேன்."

"அப்புறம்?"

"திரும்ப எறிவேன்."

மாமா கடையில் நின்றிருந்த படகுக்காரர் பக்கம் திரும்பி, "நல்ல குடும்பத்துப் புள்ளதான். வேற குறை ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்தக் குண்டை வைத்துத்தான் நான் ஏழு முறை தேசிய அளவில் முதலாவதாக வந்தேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நம் நாட்டில் சங்கிலிக்குண்டு எறியும் பெண்களை ஒரு சைக்கா ரிக்‌ஷாவில் ஏற்றிவிடலாம் என்று ஆண்ட்ரூ சொல்வார். வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வேண்டுமானால் தேர்வில் ஐம்பத்து நான்கு மீட்டர் எறிய வேண்டும். என் நோட்டில் இருப்பவை: 53.21, 53.38, 53.40, 53.35. வருஷா வருஷம் ஒன்றரை முழம் பாக்கி. "நான் வேணா போய் அளக்கிற நாடாவ அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவா?" என்று ஆண்ட்ரூ கேட்பார். முதல் இரண்டு வருஷம் சிரித்தேன்.

இந்த வருஷம் எனக்கு முப்பத்து நான்கு வயது ஆனது. தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், இனிமேல் பயிற்சிக்கென்று லீவு கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இந்தத் தேர்வோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். கடைசித் தடவைக்குப் புதுக் கம்பி போட்டுக்கொள்ளலாம் என்று குண்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

உன் வாப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். கடைக்குள் வருவதும் கடையை விட்டுப் போவதும் அவர் தராசைத் தொடாமல் நகராது. கம்பியை மாற்றி முடித்து, குண்டைத் தட்டில் வைத்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பாரு புள்ள. ரெண்டரை வீசை. பதினோரு வருஷம் தரையில மோதியும் அசையல."

"ரெண்டரையா? நான் நாப்பத்தஞ்சு டிக்கல்தானே கேட்டேன் மாமா?"

"கேட்டே. கேட்ட அளவு மட்டும் குடுத்துட்டா நமக்கு என்ன மரியாதை? அஞ்சு டிக்கல் எம் பங்கு. அப்பவே சொன்னேனே, சொல்லலையா?"

சொல்லவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரின் பழைய தாளைக் கிழித்து அதன் பின்னால் கணக்குப் போட்டேன். ஐந்து டிக்கல் என்றால் எண்பத்திரண்டு கிராம். அவ்வளவு கனம் கூடினால் நம் கையில் தூரம் முக்கால் மீட்டருக்கு மேல் குறையும். அந்த ஒன்றரை முழம் பாக்கி எங்கே போனது என்பது அந்தத் தாளில் தெரிந்தது.

போட்டியில் எடை பார்க்க மாட்டார்களா என்று நீ கேட்பாய். பார்ப்பார்கள். ஒரு தட்டில் நான்கு கிலோ படிக்கல், மறு தட்டில் நம் குண்டு. நம் தட்டு தாழ்ந்தால் பச்சை நாடா கட்டிவிடுவார்கள். என்னுடையது வருஷா வருஷம் நன்றாகவே தாழ்ந்தது. எவ்வளவு தாழ்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாள் முழுக்கக் கால்சட்டைகளின் இடுப்பளவை நாடா வைத்துச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அரை அங்குலம் கூடினால் திருப்பி அனுப்புகிறவள், என் கையில் இருந்ததை ஒருநாளும் நிறுத்துப் பார்க்கவில்லை. இதையும் அவருக்குச் சத்தமாக வாசி.

நான் தாளை மாமாவிடம் காட்டினேன். அவருக்குக் கிலோ கணக்கு புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்துவிட்டது.

"பதினோரு வருஷம் மாமா" என்றேன்.

திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். குண்டைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எவ்வளவு எடுக்கணும்?" என்று கேட்டார்.

"சரியா அஞ்சு டிக்கல். ஒரு பொட்டு கூட இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"ஆகட்டும்" என்றார். சத்தியம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அன்று நான் அதைக் கவனிக்கவில்லை.

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில், படகு எந்திரத்தின் தண்டுகளைக் கடையும் பட்டறைக்கு இருவரும் போனோம். கரண்ட் நான்கு மணிக்குத்தான் வந்தது. குண்டின் மேலே நகத்தின் கனத்தைவிடக் குறைவாக ஒரு தோல் உரித்தால் போதும். மாமா தன் தராசைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு சுற்று கடைந்த பிறகும் நிறுத்தச் சொல்லி, எடை பார்த்து, திரும்பக் கொடுத்தார். நான் வெளியே படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் குண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜஸீலா, அன்று நான் அவரிடம் நன்றி சொல்லவில்லை. போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரம் பெரும் கஷ்டம். பழைய கனத்துக்கே பழகிய உடம்பு, கனம் குறைந்த குண்டு சுற்றும் வேகத்துக்குப் பின்தங்கியது. கை விடுவதற்குள் குண்டு இடது பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் கோ டுன், இரண்டாம் நாளே ஆடுகளை ஓட்டிக்கொண்டு இடம் மாறிவிட்டார். "நேரா எறியிறப்ப சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றாராம். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு குண்டு ஒரு கல்லில் விழுந்து உருண்டு கைப்பிடி வளைந்தது. வீட்டில் கிடந்த பழைய கைப்பிடி ஒன்றை மாட்டிக்கொண்டேன். நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

தேர்வு நாளில் படிக்கல் தராசு இல்லை. எண் காட்டும் மின்தராசு புதிதாக வந்திருந்தது. போட்டியில் நாங்கள் மூன்று பேர். மண்டலேயிலிருந்து வந்த மா ஏய்சானின் குண்டை முதலில் வைத்தார்கள். 3.996. சிவப்பு நாடா. அடுத்தவளுடையது 3.991. சிவப்பு. மைதானத்தில் உபரியாக இருந்த குண்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். வருஷக்கணக்கில் தேய்ந்தது, அதுவும் குறைவு. எடை பார்த்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எடை தேறும் குண்டு ஒன்றுகூட இல்லாவிட்டால் போட்டியே இல்லை. போட்டி இல்லாவிட்டால் எனக்கு அடுத்த தேர்வும் இல்லை.

என்னுடையதை வைத்தேன். எண் மேலும் கீழும் ஆடிவிட்டு நின்றது. 4.002.

"மா அமலி, ரெண்டே ரெண்டு கிராம். ரொம்பக் கணக்குப் பார்த்துச் செஞ்சிருக்காங்க" என்றார் அந்த அம்மா.

நான் அந்த எண்ணைத் திரும்ப வாசித்தேன். கணக்கு உதைத்தது. மாட்டியிருந்த கைப்பிடி வளைந்துபோனதைவிட மெல்லியது. (பிறகு நிறுத்துப் பார்த்தேன், ஆறு கிராம் குறைவு.) மாமா நான் சொன்னபடி சரியாகக் கடைந்திருந்தால், தராசு 3.994 காட்டியிருக்க வேண்டும். எட்டு கிராம் எங்கிருந்தோ கூடுதலாக வந்திருந்தது. எட்டு கிராம் என்றால் அரை டிக்கல்.

அவ்வளவு சொல்லியும், அத்தனை நேரம் கடைசல் எந்திரத்தின் பக்கத்தில் நின்றும், கேட்ட அளவுக்கு மட்டும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

போட்டி விதிப்படி, தேறிய குண்டு யாருடையதானாலும் எல்லாரும் எறியலாம். ஆகவே அன்று நாங்கள் மூன்று பேரும் உன் வாப்பாவின் ஒரே குண்டைத்தான் எறிந்தோம். ஒருத்தி எறிந்ததும் அடுத்தவள் ஓடிப்போய் எடுத்து வருவாள். "அக்கா, இது குண்டா, படகுக்குப் போடுற நங்கூரமா?" என்றாள் ஏய்சான். "அந்தக் கடையில ரெண்டும் கிடைக்கும்" என்றேன்.

என் முதல் எறி வலைக்கூண்டில் மோதியது. இரண்டாவது இடது கோட்டுக்கு வெளியே. மூன்றாவது 51.20. நான்காவது 53.12. ஐந்தாவதில் கால் வட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆறாவதுக்கு முன்னால் குண்டைத் துணியால் துடைத்தேன். கடைசல் உளி ஓடிய மெல்லிய வரிகள் இன்னும் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்படுவதற்கு மறந்துபோனேன். நான்கு சுற்று, கால் தரையில் ஒட்டியது, கை தானாக விட்டது. 54.27.

ஆண்ட்ரூ வேலிக்கு வெளியிலிருந்து, "நாடாவ நான் தொடல" என்றார்.

இனி மாமாவுக்கு. ஜஸீலா, இங்கிருந்து மெதுவாக வாசி.

மாமா, வெளிநாட்டுப் போட்டியில் எனக்கு நாலாவது இடம். மூன்றாவதாக வந்தவளுக்கும் எனக்கும் ஒன்பது சென்டிமீட்டர். நீங்கள் விட்டுவைத்த அரை டிக்கல்தான் அந்த ஒன்பது சென்டிமீட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை மாமா. அங்கே எங்கள் குண்டுகளை உள்ளே விடவில்லை. அவர்களே வைத்திருந்த குண்டுகளைத்தான் எல்லாரும் எறிந்தோம். உங்கள் குண்டு தன்லியினில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அந்த ஒன்பது சென்டிமீட்டர் முழுக்க என்னுடையது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

பதினோரு வருஷம் போனது போனதுதான். அதில் கனமில்லை என்று நான் பொய் எழுதினால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் அந்த ஐந்து டிக்கலும் கடைசி அரை டிக்கலும் ஒரே கையிலிருந்து வந்தவை. ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மற்றதும் வந்திருக்காது. வேறொருவர் கடைந்திருந்தால் நான் கேட்டபடி சரியாகக் கடைந்திருப்பார், நான் சிவப்பு நாடாவோடு அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பியிருப்பேன். விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனேன் மாமா. அங்கே பெயர் வாசித்தபோது நம் நாட்டின் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். அதற்கு உங்களுக்கு நன்றி. க்யிம்யிண்டைங்கில் சொல்லாமல் போனதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்த மறுநாளே கடைக்கு வந்திருக்க வேண்டும். அன்று பேசிய பேச்சை நினைத்துக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டேன். வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் ஷ்வேஜி இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரும் நானும் அதைத் தின்றோம். அவருக்கு நீங்கள் இல்லாமல் போரடிக்கிறதாம். உங்கள் தராசின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். நான் நிறுத்தவில்லை. மேற்பார்வையாளர் என் படத்தைத் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒட்டிவிட்டு லீவு இல்லை என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கிறது. பழைய குண்டு இன்னொரு வருஷம் மோதினால் எடை தேறாது. எனக்குப் புதிது ஒன்று வேண்டும். மண்டலே ஏய்சானுக்கும் ஒன்று வேண்டுமாம், அதே ஆள் கையால். கம்பி அளவை உள்ளே தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கைப்பிடியையும் சேர்த்து நிறுங்கள்.

இரண்டுமே இரண்டு வீசை நாற்பத்தைந்து டிக்கல். அரை டிக்கல் உங்கள் விருப்பம்.

அமலி