பிடிக்குள் அடங்கிய கை

இந்த வாளின் பிடி எனக்கென்றே செய்தது போலிருக்கிறதே என்று நினைத்தாள் பியாட்ரிஸ். வெளியே சொன்னால் கணவன் லாயிட் சிரிப்பான். கல்யாணமானதிலிருந்தே அவள் பழைய சீக்கியப் படைவாள்களைத் தேடிச் சேர்ப்பது அவனுக்கு வேடிக்கைதான்.

பிடி ரொம்பச் சின்னது என்று வாங்க வந்த மற்றவர்கள் ஒதுக்கிய வாள் இது. அவளுடைய விரல்கள் அதில் கச்சிதமாகப் பொருந்தின. யாரோ ஒரு குதிரைவீரனுக்கும் தன்னைப் போலவே சின்னக் கை! அந்த எண்ணத்தில் அவள் மனம் துள்ளியது. எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தாள். துருவின் பழுப்புக்கு அடியில், பஞ்சாபி எழுதும் குருமுகி எழுத்துகள் தேய்ந்துபோய்த் தெரிந்தன.

லாயிட் பாலிஷ் டப்பாவும் உப்புத்தாளுமாக வந்து நின்றான்.

"பியா, தள்ளு. சாயங்காலம் மரியா வீட்டுக்காரங்க விருந்துக்கு வராங்கல்ல? அதுக்குள்ள கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்."

"என்னா, உன் புல்லட் பைக்னு நெனச்சியா?"

"என் புல்லட்டப் பாத்து நம்ம லிங்கராஜபுரம் ஏரியாவே வயிறு எரியுது, தெரியும்ல?"

"தேய்ச்சா துருவோட எழுத்தும் போயிடும்ப்பா."

"போனா என்ன? உனக்கே படிக்கத் தெரியாது!"

உண்மைதான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சின்னக் கைக்காரனைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த எழுத்துகள் மட்டும்தானோ என்னவோ. படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகும் சந்தோஷம் இன்னும் பாக்கியிருக்கிறது.

"ஒரே ஒரு தேய், குடு" என்று கை நீட்டினான் லாயிட்.

அவள் சிரித்தபடியே தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வாளை மடியில் கிடத்திக்கொண்டாள்.