மஞ்சள் மாத்திரை

தையற்காரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புருஷனின் இரத்தத்தில் ஃபோலிக் சத்து மறுபடியும் குறைந்துவிட்டதாம். அது இல்லாவிட்டால் புது இரத்தம் ஊறாதாம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று டயாலிசிஸ் நர்ஸ் கேட்டாள். நல்ல கேள்வி! டயாலிசிஸுக்கு வரும் நாளெல்லாம் அந்த மஞ்சள் மாத்திரையை இவள்தானே தன் கையால் வாயில் போட்டு, அளந்து ஒரு மடக்குத் தண்ணீரும் கொடுக்கிறாள்?

போட்டது எங்கே போகும்? யோசித்து யோசித்து ஒரே இடத்தில் வந்து நின்றாள். இவர் துப்புகிறார். பஸ் ஓட்டிய மனுஷன், இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. உயிர்மேல் ஆசை விட்டுப்போய்விட்டதோ?

அன்று மாலை முழுக்க விடவில்லை. கட்டிலுக்கடியில் தேடினாள், தலையணை உறையை உதறினாள். ஒன்றும் அகப்படாததால் சந்தேகம்தான் ஏறியது. அழுதுகொண்டே கேட்டாள், கேட்டுக்கொண்டே அழுதாள். இல்லவே இல்லை என்று சாதித்தவர் கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஆமா, துப்பிட்டேன். போதுமா?"

போதவில்லை. அடுத்த முறை கிளம்புமுன் மாத்திரையைக் கொடுத்து, "வாயத் திறங்க" என்றாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தலை நரைத்த ஆள், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

மெஷினில் இரத்தம் ஓடத் தொடங்கியதும் நர்ஸிடம் பெருமையாகச் சொன்னாள். இன்று விழுங்கிவிட்டார், கிளம்பும்போது கண்ணாலேயே பார்த்தேன் என்று. எப்போதும் கிளம்பும்போதுதானா என்று நர்ஸ் கேட்டாள். பின்னே, மெஷினைத் தாங்கத் தெம்பு வேண்டாமா?

"அக்கா, கழிவோட சேத்து அந்தச் சத்தையும் மெஷின் இழுத்துடும். டயாலிசிஸ் முடிஞ்சப்புறம் குடுக்கணும்."

பகீரென்றது. இத்தனை மாதமும் தன் கையாலேயே மெஷினுக்கு ஊட்டியிருக்கிறாள். அதைவிடப் பெரிய குழப்பம், துப்பாத மனுஷன் துப்பினேன் என்று ஏன் சொன்னார்? குனிந்து காதருகே கேட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"நீ அழுதுட்டே இருந்த. எதையாவது ஒத்துக்கிட்டா நிறுத்துவன்னு பாத்தேன்."

அதற்கடுத்த முறை டயாலிசிஸ் முடிந்து வீடு வந்த பிறகுதான் மாத்திரையைக் கொடுத்தாள். விழுங்கினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.