மூன்றாம் வளைவுச் சுனை

ஒற்றையடியின் கட்டுரை அச்சான ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவர் எழுதும் மேசைக்கடியில், இரண்டு தரை ஓடுகளுக்கு நடுவே ஒரு சுனை ஊறத் தொடங்கியது. விரல் பருமன் தண்ணீர். குளிர்ந்து, லேசாகக் கல்லும் பாசியும் மணத்தது. அவர் மனைவி முதலில் ஒரு கிண்ணத்தை வைத்தார், பிறகு வாளியை. குழாய்க்காரர் வந்து வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைத்தார், பிறகு தெருவுக்கு வருவதையும் அடைத்தார். அக்கம்பக்கத்தார் சத்தம் போட்டார்களே தவிர, மேசைக்கடியில் ஊறுவது நிற்கவில்லை. "சார், இருபது வருஷமா ஒழுகுறதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இது ஒழுகல. இது வந்துக்கிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, குழாய்க்காரர் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார்.

ஒற்றையடி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அது எங்கே இருந்திருக்க வேண்டிய தண்ணீர் என்று அந்த ஒரு வாயிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவியிடம் சொல்லவில்லை.

ஞாயிறு இணைப்பில் பத்தொன்பது வருடமாக 'ஒற்றையடிப் பாதை' என்ற பத்தியை எழுதிவந்ததால் அவருக்கு அந்தப் பெயர். மலை, ஆறு, காடு, பறவை, மீன் என்று வெளியே போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள் இருபத்திரண்டு பேர் அந்த ஊரில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை நூலகத்து மாடியில் கூடுவார்கள். யார் கட்டுரை வாசித்தாலும் முதலில் தன் காலணிகளைக் கழற்றி மேசைமேல் வைக்க வேண்டும். மற்றவர்கள் அடியைத் திருப்பி மண்ணைப் பார்த்த பிறகுதான் வாசிப்பு. கால் படாததைக் கை எழுதக் கூடாது என்பது அவர்களுக்கு இருந்த ஒரே சட்டம். மீன்பிடிப்பு பற்றி எழுதும் செயலாளருக்குத் தூண்டில் என்று பெயர். அவர் மண்ணை முகர்ந்தே சொல்லிவிடுவார். ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவரிடம், "இது ஆத்து மண்ணு இல்லப்பா, உங்க வீட்டு ரோஜாத் தொட்டி மண்ணு. உரம்கூடப் போட்டிருக்கீங்க," என்றார். அந்த ஆள் அதற்குப் பிறகு வரவில்லை.

ஒற்றையடி தொட்டி மண் பூசுகிறவர் அல்ல. அந்தக் கட்டுரைக்காக ஊருக்கு வெளியே இருந்த மலையில் இரண்டாம் வளைவு வரை உண்மையாகவே ஏறினார். அங்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. மேலே மூன்றாம் வளைவுப் பக்கம் புறாக் கூட்டம் ஒன்று சரேலென்று இறங்குவதைப் பார்த்தார். புறா இறங்கினால் தண்ணீர் இருக்கும் என்பது அவர் தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பழைய வரைபடம் ஒன்றிலும் அந்த இடத்தில் நீலப் புள்ளி இருந்தது. வீட்டுக்கு வந்து எழுதினார்: 'மூன்றாம் வளைவில் பாறையடியில் ஒரு சுனை. கோடையிலும் வற்றாது. இரண்டாவது பாட்டிலைச் சுமக்க வேண்டியதில்லை.' கடைசி வாக்கியம் நன்றாக விழுந்திருப்பதாக நினைத்தார். தூண்டில் காலணியை முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். இரண்டாம் வளைவின் மண்ணும் மூன்றாம் வளைவின் மண்ணும் ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள், ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் ஒரே ஒரு பாட்டிலோடு அந்த மலையில் ஏறி, வெயிலில் நா வறண்டு, ஒரு பாறையில் சாய்ந்தபடி செத்துப்போனார். சட்டைப் பையில் கட்டுரையின் நறுக்கு இருந்தது. தேடிப் போனவர்கள் பாறையைச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கே தண்ணீர் இல்லை. ஆகவே அது மூன்றாம் வளைவாக இருக்க முடியாது, மனிதர் வழி தவறியிருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். பேப்பரில் போட்டிருந்ததை யாரும் சந்தேகிக்கவில்லை. சங்கம் இரங்கல் தீர்மானம் போட்டது. எழுதிக் கொடுத்தவர் ஒற்றையடி. 'வழிக்குறிப்புகளை நிதானமாகப் படித்துப் பின்பற்றும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்' என்ற வரியையும் அவரே சேர்த்தார்.

ஒரு மாதம் கழித்து நடத்துநரின் மனைவி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"மன்னிச்சுக்கங்க அண்ணா. அவரால உங்களுக்கு வீணா கெட்ட பேரு."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு ஸ்டாப்ப விட்டதில்ல அவரு. தூங்கிட்டு வந்தாக்கூட சரியா விசிலடிப்பாரு. இப்ப பேரன் பேத்திங்ககூட, தாத்தாவுக்கு மூணு எண்ணத் தெரியலன்னு சிரிக்குதுங்க. எங்க வழி தப்பினாருன்னு மட்டும் காட்டுங்க. நான் ஒருதடவ அந்தச் சுனையப் பாத்துட்டு வந்துர்றேன்."

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். ஒற்றையடி ஒரு தாளை எடுத்தார். இரண்டாம் வளைவுக்கு மேலே இல்லாத ஒரு பிரிவை வரைந்தார். இடது கோடு நடத்துநர் தவறிப் போன வழி என்றும், வலது கோடு சுனைக்குப் போகும் வழி என்றும் குறித்தார். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் கூசினார். அந்த அம்மாள் படியிறங்கியபோது மேசைக்கடியில் தண்ணீர் கை பருமன் ஆகியிருந்தது.

நான்கு வருடங்கள் ஓடின. சுவரில் துளையிட்டுத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டார்கள். ஒற்றையடி எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, பிறகு நிறுத்தினார். வீட்டில் ஊறும் சத்தம் மட்டும் இருந்தது. அவர் மனைவி அந்த நான்கு வருடத்தில் அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். "எங்கேருந்து வருதுன்னு நான் கேக்கல. உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு கோடையிலும் நடத்துநரின் மனைவி அந்தத் தாளோடு மலையேறி, வலது பிரிவைத் தேடி முள்ளில் நுழைந்து, கை கால் கீறலோடு திரும்பினார். ஐந்தாம் கோடையில் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "இனிமே ஏற முடியாதுண்ணா. அவருக்குத்தான் கண்ணு தெரியலன்னு நெனச்சேன். எனக்கும் தெரியல போல."

ஒற்றையடி காலணிகளை மாட்டினார். "நானும் வர்றேன். வாங்க," என்றார்.

விடிந்ததும் கிளம்பியவர்கள் பேசாமல் ஏறினார்கள். இரண்டாம் வளைவில் அவர் நின்றுவிட்டார். முழங்கால் அன்று வலிக்கவே இல்லை.

"இதுக்கு மேல நான் வந்ததே இல்லம்மா."

அந்த அம்மாள் தாளைப் பார்த்தார். "அப்ப இந்தக் கோடு?"

"நானா போட்டது."

"சுனை?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த அம்மாள் தாளை மடித்தார். பிறகு அவரை அங்கேயே விட்டுவிட்டு, இருந்த ஒரே பாதையில் நடந்தார். அடுத்த வளைவில் நடத்துநர் சாய்ந்திருந்த பாறை இருந்தது. கையால் தடவிப் பார்த்து, சாய்ந்து உட்கார்ந்தார். கீழே நின்றிருந்தவருக்கு அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. அது அவரிடம் சொன்னது அல்ல.

"சரியான ஸ்டாப்புலதான் எறங்கியிருக்காரு."

திரும்பி வந்து அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: நடந்ததை எழுத வேண்டும்; அதே பேப்பர், அதே பக்கம், அதே அளவு எழுத்து. அப்படியே அச்சானது. 'நடத்துநர் சரியான இடத்தில்தான் இருந்தார். எழுதியவன்தான் அங்கே போனதில்லை.' அடுத்த கூட்டத்தில் ஒற்றையடி அதை வாசிக்க எழுந்து காலணிகளை மேசைமேல் வைத்தபோது தூண்டில் முகரவில்லை. வாசித்து முடிந்தும் யாரும் திட்டவில்லை, பெயரை நீக்கவும் இல்லை. நீக்கியிருந்தால் அவருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். பறவைகளைப் பற்றி எழுதும் அம்மாள் மட்டும், எட்டு வருடமாகத் தன் சமையலறையில் கண்ணுக்குத் தெரியாத ஆந்தை ஒன்று கூவுவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அன்று வேறு யாரும் காலணியைக் கழற்றவில்லை.

சுனை நிற்கவில்லை. நிற்கும் என்று அவர் மனைவி எதிர்பார்க்கவும் இல்லை. குடிநீர் அலுவலகம் அதை ஊர் வரைபடத்தில் நீலப் புள்ளியாகக் குறித்துக்கொண்டது. மலைக்குப் போகிறவர்கள் இப்போது அந்தத் தெருவழியாகவே போகிறார்கள். நடத்துநரின் மனைவி ஞாயிறுதோறும் காலையில் வந்து சுவரோரம் நின்று, போகிறவர்களை நிறுத்தி, இரண்டாவது பாட்டிலையும் நிரப்பி அனுப்புகிறார். மூடிகளை வாங்கிப் பிடித்துக்கொள்வது ஒற்றையடியின் வேலை. அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையை மட்டும் நீட்டுகிறார். அவர் மூடியைக் கொடுக்கிறார்.